மார்க்‌ஷீட்ட ஓரமா வச்சுட்டு அந்த நோட்டப் பாருங்க

போன வாரம் ஒரு அம்மாவும் அப்பாவும் எந்த காலேஜ்ல சேக்கலாம்னு கேக்க எங்கிட்ட பொண்ண கூட்டிட்டு வந்தாங்க. அம்மா கையில மார்க்‌ஷீட், அப்பா கையில அவரு மச்சான் எழுதிக் குடுத்த காலேஜ் லிஸ்ட். "நல்லாத்தான் படிக்கிறா சார், திடீர்னு கம்ப்யூட்டர் சயின்ஸ் வேணாங்குறா, ப்ராஜெக்ட் பண்ணியே படிக்கிற காலேஜ்தான் வேணுமாம், அதெல்லாம் அட்டைய வெட்டி ஒட்டுற வேலைதானே"ன்னு கேக்குறப்பவே அம்மாவுக்கு கண்ணு கலங்கிடுச்சு. பயப்படாதீங்கம்மான்னு நானும் வழக்கமா சொல்றதச் சொல்லிட்டு இருந்தேன், அதுக்குள்ள பொண்ணு பேகுலேர்ந்து ஒரு நோட்ட எடுத்து நீட்டுச்சு. ரெண்டு மாசமா தினமும் ஸ்கூல் பஸ் எத்தன நிமிஷம் லேட்டுன்னு எழுதி வச்சிருக்கு, மழை நாளுக்கு தனி கலர், ஏன் லேட்டுங்குறதுக்கு மூணு காரணம் எழுதி அதுல ரெண்ட அதுவே அடிச்சிருக்கு, பக்கத்துலயே ஏன் தப்புன்னும் எழுதியிருக்கு. இதுக்கப்புறம் எனக்கு ஆறுதல் சொல்லத் தோணல.

அந்த லிஸ்ட பத்தி நான் பேசப் போறதில்ல, அது உங்க எல்லாருக்கும் மனப்பாடம். மச்சான் வந்து நாலு வருஷம் கிளாஸ்ல உக்காரப் போறதும் இல்ல.

ப்ராஜெக்ட் வழியா படிக்கிறது நேத்து வந்த ஃபேஷன் இல்லங்க. 1918லயே கில்பாட்ரிக்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் இத பத்தி தனி கட்டுரையே எழுதிட்டாரு. டென்மார்க்ல ஆல்போர்க் பல்கலைக்கழகம், 1974ல ஆரம்பிச்சது, மொத்தமுமே இந்த முறையிலதான் ஓடுது. ஒரு செமஸ்டர்ல சுமார் பாதி கிரெடிட் ப்ராஜெக்ட்டுக்கே போயிடும். பசங்க குழுவா சேந்து ஒரு நிஜப் பிரச்சனைய எடுத்து, அது ஏன் பிரச்சனைன்னு முதல்ல நிரூபிக்கணும், அதுக்குத் தேவையான கணக்கையும் தியரியயும் தேடிப் படிக்கணும், வழிகாட்டி ஒருத்தர் கூடவே இருப்பாரு ஆனா விடைய எடுத்துக் கையில குடுக்க மாட்டாரு. முதல் வருஷத்துல ரிப்போர்ட்டோட சேத்து, நாங்க எப்படி வேலை செஞ்சோம், எங்க சண்டை வந்துச்சு, அடுத்த தடவ எத மாத்துவோம்னும் எழுதிக் குடுக்கணும் (இந்த ஒரு பழக்கம் இருந்தாலே வேலைக்குப் போற இடத்துல பாதி தலவலி குறையும்). கடைசில வாய்மொழித் தேர்வு, எல்லாரும் சேந்து விளக்கணும், ஆனா கேள்வியும் மார்க்கும் ஆளாளுக்குத் தனி. நடுவுல சில வருஷம் அரசாங்கம் இந்த குழுத் தேர்வ நிறுத்திட்டு அப்புறம் திரும்ப விட்டுச்சு.

உடனே டென்மார்க் போகணுமான்னு கேக்காதீங்க, இந்த அமைப்பு எங்க இருக்கோ அங்க பாருங்கன்னுதான் சொல்றேன், அவ்வளவா பேரு வெளிய தெரியாத காலேஜ்லயும் இருக்கலாம். பேரளவுக்கு ப்ராஜெக்ட்னு போட்டிருக்குற இடமும் நிறைய, அதனால நேர்ல போய் போன வருஷ ரிப்போர்ட் ஒண்ணு காட்டுங்கன்னு கேளுங்க. தலைப்ப யாரு எடுத்தா, வாரம் எத்தன மணி நேரம் வழிகாட்டிய பாக்கலாம், ஒருத்தன் மட்டும் வேலை செஞ்சு மத்தவன் மார்க் வாங்குனா என்ன பண்ணுவீங்க, இதுக்கு நேரா பதில் வரலன்னா எழுந்து வந்துடுங்க.

இதுல குறை இல்லன்னு சொல்ல மாட்டேன். 2006ல கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க்னு மூணு ஆராய்ச்சியாளருங்க ஒரு கட்டுரைல, புதுசா படிக்கிற பிள்ளைய வழிகாட்டாம நீயே கண்டுபிடின்னு விட்டா மண்டைல சரியா நிக்காதுன்னு வாதாடுனாங்க, அதுல நியாயம் இருக்கு. அடிப்படைய ஒழுங்கா சொல்லித் தராம ப்ராஜெக்ட் மட்டும் குடுக்குற இடம்னா வேணாம். அந்த அம்மா அப்பாவுக்கும் இதத்தான் சொல்றேன்: உங்க பொண்ணுக்கு கணக்கு கொஞ்சம் வீக், அத இப்பவே சரி பண்ணணும், அதுல நான் விட மாட்டேன்.

பணத்துலயும் அப்படித்தான். பெரிய பேருக்காக வீட்ட அடமானம் வைக்க அப்பா ரெடியா இருக்காரு, வைக்காதீங்க சார். நான் சொல்ற படிப்புக்கும் வைக்காதீங்க. படிச்சு முடிச்சு முதல் வேலைல கைக்கு வர்ற சம்பளத்துல அவளே கட்டி முடிக்க முடியாத கடன் எந்த காலேஜுக்கும் வேணாம், அதுக்கு மேல கேட்டா அந்த இடத்த லிஸ்ட்லேர்ந்து அடிச்சுடுங்க. படிக்கப் போறவ வேணாங்குற படிப்புக்கு கடன் வாங்குறது அதவிட மோசம், நடுவுல விட்டுட்டாலும் வட்டி ஓடிட்டேதான் இருக்கும்.

சனிக்கிழம அவள மட்டும் அனுப்புங்க, நோட்டோட. அடிக்காம விட்டிருக்கால்ல அந்த மூணாவது காரணம், அத எப்படி சோதிக்கிறதுன்னு நாங்க உக்காந்து பேசணும்.