பட்ஜெட்டே இல்லாமல் எடுத்த ரத்தக்களரிப் பேய்ப் படங்களை எப்படித்தான் ரசிக்கிறீர்கள்?

கேட்ட தொனியைப் பார்த்தால், வீட்டில் யாரோ சாப்பாட்டு நேரத்தில் இப்படியொரு படத்தைப் போட்டிருக்கிறார்கள். அது தப்புதான்.

எனக்கு இந்தப் படங்களில் பிடித்தது கைவேலை. 'ஈவில் டெட்' (1981) எடுத்தபோது சாம் ரைமியிடம் காசில்லை. கேமராவைப் பலகையில் பொருத்தி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள்; பேய் பாய்ந்து வருகிற பார்வை அதுதான். ரத்தம் என்பது சோளச் சிரப்பும் சிவப்புச் சாயமும். பீட்டர் ஜாக்சன் 'பேட் டேஸ்ட்' (1987) படத்தை, வேலைக்குப் போய்க்கொண்டே வார இறுதிகளில் நான்கு வருடம் எடுத்தார். வேற்றுகிரகவாசி முகமூடிகள் அவருடைய அம்மாவின் ஓவனில் வெந்தவை. இரண்டு வேடம் அவருக்கே; மலை விளிம்பில் தாடி வைத்த ஜாக்சனும் தாடியில்லாத ஜாக்சனும் அடித்துக்கொள்வார்கள், பாருங்கள்!

கல்லூரி முடித்த புதிதில் நாங்களும் ஒரு பேய்க் குறும்படம் எடுத்தோம். ரத்தம் என் பொறுப்பு. சர்க்கரைப் பாகில் கேசரி பவுடர் மட்டும் போட்டால் ரோஸ் மில்க் மாதிரித்தான் இருக்கும். கொஞ்சம் காபித்தூள் விழ வேண்டும். பிணமாகப் படுத்திருந்த நண்பன் மேல் எறும்பு ஏறிவிட்டது. கடி தாங்காமல் பிணம் துள்ளியது. அதையே பேய் எழும் காட்சியாக வைத்துக்கொண்டோம். மொத்தப் படத்திலும் உருப்படியான இடம் அதுதான்.

அந்த ரத்தத்தால் நாங்கள் இருந்த வாடகை வீட்டுச் சுவரில் உள்ளங்கை அளவு கறை. வீட்டு ஓனர் பெயின்ட் செலவு என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். அடுத்து குடிவந்தவரிடம் விசாரித்தால், பெயின்ட்டே அடிக்கவில்லையாம். சரி, விடுங்கள்.

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பாதிப் படங்களில் முதல் அரைமணி நேரம் கார் ஓட்டுவதிலேயே போய்விடும். பெண்களைக் காட்டும் விதம் பல படங்களில் கேவலம். ஈவில் டெட்டில் மரம் ஒரு பெண்ணைச் சீரழிக்கிற காட்சியை நான் ஓட்டிவிட்டுத்தான் பார்ப்பேன். ரைமியே பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டிருக்கிறார். இப்போது வருகிற சின்னப் படங்களில் ரத்தத்தைக் கணினியில் தெளிக்கிறார்கள். சட்டைகூட நனைவதில்லை. அதை நான் தொடுவதில்லை.

"வன்முறையை ரசிக்கிற வக்கிரம்" என்று கமென்ட் போட வருகிறவர்களுக்கு: ஹீரோ அரிவாளோடு நூறு பேரைச் சாய்க்கிற படத்துக்குக் குழந்தைகளோடு போய் விசிலடித்துவிட்டு வந்து எனக்கு வகுப்பெடுக்க வேண்டாம்.

பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வேன் என்றால் பேட் டேஸ்ட்டில் தொடங்குங்கள். அதில் சிரிக்கவும் நிறைய இருக்கிறது.