ஏலத்தில் எடுத்த பழைய ஸ்கூட்டரில் வேறு எஞ்சின்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: நான் திருவொற்றியூரில் இருக்கிறேன். என் அப்பா இங்கேயே என்ஃபீல்டு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபதுகளில் அங்கே தயாரான ஃபேன்டாபுலஸ் ஸ்கூட்டர் ஒன்று ஏலத்துக்கு வந்திருப்பதாக நண்பர் சொன்னார். ஏலம் விட்டது பழைய வண்டிகளை விற்றுத்தரும் ஒரு தனியார் நிறுவனம். '1964 மாடல், ஒரிஜினல் எஞ்சின், ஆர்.சி. புக் உண்டு' என்று அவர்கள் பட்டியலில் போட்டிருந்தார்கள். பார்வையிடும் நாளில் நேரில் போய்ப் பார்த்தேன். பிறகு ஆன்லைனில் ஏலம் கேட்டு 2,10,000 ரூபாய்க்கு எடுத்தேன். கமிஷன், கமிஷன் மீதான ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து 2,34,780 ரூபாய் கட்டினேன். வண்டி வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக் பார்த்துவிட்டு, எஞ்சின் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை, ஏதோ பைக்கின் எஞ்சினை மாட்டியிருக்கிறார்கள் என்கிறார். ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. விற்றவர் அவருடைய மகன்களில் ஒருவராம். ஏல நிறுவனமோ 'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனையைக் காட்டுகிறது. கடைசிவரை எனக்கு எதிராக விலை ஏற்றியவர் விற்றவரின் மச்சான் என்றும் ஒரு பேச்சு. பணம் திரும்பக் கிடைக்குமா? வண்டியின் உண்மையான மதிப்புதான் என்ன?

பதில்: முதலில் ஒரு வேலை. மெக்கானிக்கிடம் சொல்லி வண்டியை அப்படியே நிறுத்தி வையுங்கள். எஞ்சினை இறக்க வேண்டாம், பெயின்ட் அடிக்க வேண்டாம், புதுப்பேட்டையில் பார்ட்ஸ் தேட வேண்டாம். காரணம் இருக்கிறது. பொருள் விற்பனைச் சட்டம், 1930-ன் பிரிவு 42 என்ன சொல்கிறதென்றால், வாங்கியவர் பொருளைத் தன்னுடையதாகவே பாவித்து ஏதாவது செய்துவிட்டாலோ, வேண்டாம் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டாலோ, அதை அவர் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். ஏற்றுக்கொண்டுவிட்டால் வண்டியைத் திருப்பித் தரும் உரிமை போய்விடும். நஷ்டஈடு மட்டும்தான் கேட்கலாம். அதனால் 'பட்டியலில் சொன்ன வண்டி இது இல்லை, எனக்கு ஏற்பில்லை' என்று ஏல நிறுவனத்துக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். வக்கீல் நோட்டீஸ் பின்னால் போகட்டும்.

இப்போது 'உள்ளது உள்ளபடி'. ஏலக்காரர்கள் இந்த வரியைப் பெரிய கவசம் மாதிரி காட்டுவார்கள். துரு, கீறல், ஓடாத எஞ்சின், கிழிந்த சீட் இதற்கெல்லாம் அது செல்லும். ஆனால் பட்டியலில் 'ஒரிஜினல் எஞ்சின்' என்று எழுதியது வண்டியின் நிலைமையைப் பற்றிய பேச்சு இல்லை, அது எந்த வண்டி என்பதைச் சொல்வது. விவரத்தைச் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்று அதே சட்டத்தின் பிரிவு 15 சொல்கிறது. நீங்கள் ஏலம் கேட்டது அந்த மூன்று விவரங்களை நம்பித்தான். அந்தப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கே திருத்திவிடுவார்கள். கோர்ட்டில் தாக்கல் செய்யும்போது மின்னணுப் பதிவுக்கு பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63-ன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். எடுத்த போனையும் மாற்றிவிடாதீர்கள்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று எனக்கு இப்போதே தெரியும்: "பார்வையிடும் நாளில் நேரில் வந்தார், நம்பரைப் பார்த்திருக்கலாமே?" இது லேசான வாதம் இல்லை. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றால், தவறான தகவலைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 19 ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது. ஆனால் பொய் என்று தெரிந்தே சொன்ன பொய்க்கு அந்த விதிவிலக்கு கைகொடுக்காது. அதனால் எஞ்சின் மாறியது விற்றவருக்கு முன்பே தெரியுமா என்பதுதான் வழக்கின் உயிர்நாடி. எஞ்சினை நேர்மையாக மாற்றியிருந்தால் ஆர்.டி.ஓ.விடம் சொல்லி ஆர்.சி.யில் பதிவு செய்திருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லையா, அது உங்களுக்குச் சாதகம். அன்றைக்கு ஆர்.சி. புக்கை உங்கள் கண்ணில் காட்டினார்களா? காட்டவில்லை என்றால் நம்பரை எதோடு ஒப்பிட்டுப் பார்த்திருப்பீர்கள்? இதை நோட்டீஸில் கண்டிப்பாக எழுத வேண்டும்.

உங்கள் மெக்கானிக்கின் சந்தேகம் காற்றில் வந்தது இல்லை. ஃபேன்டாபுலஸில் இருந்தது வில்லியர்ஸ் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அதே தொழிற்சாலையில் தயாரான ஷெர்பா பைக்கிலும் வில்லியர்ஸ் எஞ்சின்தான். ஆனால் ஸ்கூட்டர் செல்ஃப் ஸ்டார்ட்டோடு வந்தது. உங்கள் வண்டியில் அந்த ஸ்டார்ட்டர் பாகம் இருக்கிறதா, இல்லை வெறும் கிக்கர் மட்டும்தானா என்று பாருங்கள். ஸ்டார்ட்டர் இல்லை என்றால் அதையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் பென்சில் பிரிண்ட் (மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்த பதிவு) எடுத்து, மெக்கானிக்கிடம் தேதி போட்டு எழுத்தில் ஒரு அறிக்கை வாங்குங்கள். வாய்ச்சொல் நுகர்வோர் ஆணையத்தில் நிற்காது.

மதிப்பு விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி வண்டிக்கு விலைப்பட்டியல் கிடையாது. இன்சூரன்ஸ் பாலிசியில் உள்ள ஐ.டி.வி. தொகையை, அதாவது காப்பீட்டுக்காக வண்டிக்குப் போடும் மதிப்பை, காட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு அது கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி முடிவு செய்யும் தொகைதானே தவிர சந்தை விலைக்குச் சாட்சி இல்லை. நீங்கள் கட்டிய ஏலத் தொகையும் சாட்சி ஆகாது. அப்பா வேலை பார்த்த இடத்து வண்டி என்பதற்காக நாற்பதாயிரம் கூடவே கேட்டிருக்கலாம், அது உங்கள் விருப்பம். அதிக விலை கொடுத்துவிட்டேன் என்பது மட்டும் ஒரு வழக்கு ஆகாது.

சட்டத்துக்கு வேண்டியது இரண்டு மதிப்பு. பட்டியலில் சொன்னபடியே வண்டி இருந்திருந்தால் என்ன விலை, இப்போது இருக்கிறபடி என்ன விலை. உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயர் ஒருவரும் பழைய ஸ்கூட்டர்களைச் சீர்செய்து விற்கிற அனுபவசாலி ஒருவரும் தனித்தனியாக எழுதித் தரட்டும். பட்டியலில் சொன்னபடி இருந்தால் 2 லட்சம், இப்போது இருக்கிறபடி 90 ஆயிரம் என்று வந்தால், வண்டியை வைத்துக்கொண்டு நீங்கள் கேட்கக்கூடியது 1,10,000 ரூபாயும், அந்த வித்தியாசத்துக்கு நீங்கள் கட்டிய கமிஷனும். அந்த இடைவெளி ஏன் அவ்வளவு பெரிது என்பதற்கும் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. 2021-ல் வந்த விதிகளின்படி, முதல் பதிவு முடிந்து 50 வருடம் தாண்டிய இருசக்கர, நான்குசக்கர வண்டிகளை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், மறுபதிவுக் கட்டணம் 5,000 ரூபாய், பதிவு பத்து வருடம் செல்லும். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வேறு எஞ்சின் ஏறியதால் அந்த வழியே அடைபட வாய்ப்பு அதிகம். இதையும் சர்வேயரிடம் சொல்லி அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

மச்சான் கதை உண்மையானால் அதுவே தனி ஆயுதம். விற்பவர் தானும் ஏலம் கேட்பேன் என்று முன்பே அறிவிக்காமல், தானோ தன் ஆளை வைத்தோ கேட்டால், வாங்கியவர் அந்த விற்பனையை மோசடியாகக் கருதலாம் என்று பொருள் விற்பனைச் சட்டத்தின் பிரிவு 64 சொல்கிறது. பொய்யாக விலை ஏற்றினால் விற்பனையை ரத்து செய்யும் உரிமையும் வாங்கியவருக்கு உண்டு. 'மூணு தரம்' சொல்லி முடிந்த பிறகும்தான். ஆனால் 'ஒரு பேச்சு' போதாது. ஏலம் கேட்டவர்களின் விவரம், தொகை, நேரம் அடங்கிய பதிவை நோட்டீஸிலேயே கேளுங்கள். தராவிட்டால் ஆணையத்தின் மூலம் வரவழைக்கக் கேட்கலாம்.

ஆர்.சி. பிரச்சினை தனி. உரிமையாளர் இறந்தால் வாரிசு முதலில் படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அப்புறம்தான் 29, 30 படிவங்களில் உங்களுக்கு. பல மகன்களில் ஒருவர் மட்டும் விற்றால் மற்றவர்களின் பங்கை அவர் எப்படி விற்பார்? விற்க உரிமை உண்டு என்பது ஒவ்வொரு விற்பனையிலும் அடங்கிய நிபந்தனை, அதே சட்டத்தின் பிரிவு 14. எஞ்சின் வாதம் தடுமாறினாலும் இது நிற்கும். பெயர் மாறும்வரை வண்டியைத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுகூட ஓட்டாதீர்கள், இன்சூரன்ஸ் இல்லாமல் ஏதாவது ஆகிவிட்டால் அது வேறு வழக்கு.

எங்கே போவது? விற்றவர் பெயரை ஏல நிறுவனம் உங்களிடம் சொல்லவே இல்லை என்றால், ஒப்பந்தச் சட்டம் பிரிவு 230-ன்படி நிறுவனமே பொறுப்பு என்று அனுமானிக்கலாம். கமிஷன் வாங்கியதால் அவர்கள் சேவை தருபவர்கள். நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தகராறு வந்தால் நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று ஏல நிபந்தனைகளில் எழுதியிருந்தாலும் ஆணையத்துக்குப் போவதை அது தடுக்காது. பொது ஏலத்தில் மனை எடுத்தவர் நுகர்வோர் அல்ல என்று 2009-ல் சண்டிகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எதிர்த்தரப்பு எடுத்து வைக்கும். அது அரசு நிர்வாகம் மனைகளை ஏலம் விட்ட வழக்கு. கமிஷனுக்கு வண்டி விற்றுத்தரும் தனியார் சேவைக்கு அப்படியே பொருந்தாது என்பது என் கருத்து. ஆணையம் இதை ஆழமான மோசடி விசாரணை என்று கருதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னால், அங்கே மூன்று வருட அவகாசம் உண்டு. போலீஸ் புகாரை நான் முதல் கட்டமாகச் சொல்ல மாட்டேன். எஞ்சின் திருட்டு வண்டியுடையது என்று தெரிந்தால் மட்டும் தாமதிக்காமல் கொடுங்கள். அப்போது வண்டி வழக்குச் சொத்தாகப் பறிமுதல் ஆகிவிடும் என்பதையும் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

நோட்டீஸ் போகும் முன் நீங்கள் வீட்டில் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: வண்டி வேண்டுமா, பணம் வேண்டுமா? இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் கேஸ் பலவீனமாகும். பணம் என்றால் முழுத் தொகையும், வண்டி ஏற்றிவந்த வேன் வாடகையும், சர்வேயர் செலவும் கேளுங்கள். வண்டிதான் என்றால், சமரசத்துக்கு வரும்போது வித்தியாசத் தொகையோடு விட்டுவிடாதீர்கள். எல்லா வாரிசுகளின் ஒப்புதல் கையெழுத்தும், படிவம் 31 முடித்துத் தரும் பொறுப்பும் அந்த ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். பெயர் மாறி ஆர்.சி. உங்கள் கைக்கு வந்த பிறகுதான் புகாரை வாபஸ் வாங்க வேண்டும்.