கடை வைத்த பெயர்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஒஹையோவில் நாங்கள் வாங்கிய பழைய பண்ணை வீட்டின் பரணில் இரட்டைக்குழல் ஷாட்கன் ஒன்று கிடந்தது. பக்கத் தகட்டில் 'அமெரிக்கன் கன் கம்பெனி, நியூயார்க்' என்று இருக்கிறது. தேடினால் அப்படி ஒரு தொழிற்சாலையே இல்லை என்கிறார்கள். எந்தக் காலத்தது, என்ன விலை போகும்?

பதில்: முதலில் அதைத் திறந்து உள்ளே தோட்டா இல்லையென்று பாருங்கள். பரணில் கிடந்த துப்பாக்கியில் தோட்டா இருப்பது ஒன்றும் அதிசயம் இல்லை.

நீங்கள் கேள்விப்பட்டது சரிதான், அது விற்றவர்கள் வைத்த பெயர். நியூயார்க்கின் எச் அண்ட் டி ஃபோல்சம் என்ற மொத்த வியாபாரிகளிடம் கனெக்டிகட் மாநிலம் நார்விச்சில் இருந்த கிரெசென்ட் தொழிற்சாலை இருந்தது, அங்கே ஒரே துப்பாக்கியைச் செய்து, வாங்கும் இரும்புக்கடை எந்தப் பெயரைக் கேட்கிறதோ அந்தப் பெயரைப் பொறித்து அனுப்பினார்கள். இப்படி நூற்றுக்கு மேல் பெயர்கள். 1890-களில் தொடங்கிய கிரெசென்ட் 1930-களின் தொடக்கத்தில் ஸ்டீவன்ஸ் என்ற இன்னொரு துப்பாக்கி நிறுவனத்தின் கைக்குப் போனது, ஆகவே உங்களுடையது இந்த நாற்பது ஆண்டுக்குள்தான். தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் குதிரைகள் வெளியே தெரிந்தால் பெரும்பாலும் அதில் முற்பகுதி. வரிசை எண் இல்லையென்றாலும் கவலை வேண்டாம், அமெரிக்காவில் 1968 துப்பாக்கிச் சட்டம் வரும்வரை அது கட்டாயம் இல்லை.

விலையா? நல்ல நிலையில் இருந்தாலும் சில நூறு டாலரைத் தாண்டுவது அரிது. துருவைப் பார்த்துவிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், இருக்கிற மதிப்பும் அதோடு போய்விடும்.

கேள்வி: என்னிடம் இருப்பதில் 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்று இருக்கிறது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற துப்பாக்கி நிறுவனம் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் செய்ததுதானே? குழல் முழுக்கச் சுருள் கோலம். சுட்டுப் பார்க்கலாமா?

பதில்: அநேகமாக அவர்கள் செய்தது இல்லை. அந்தப் பேரை நினைவூட்டத்தான் பெல்ஜியத்திலிருந்து மலிவுத் துப்பாக்கிகள் அப்படிப் பொறிக்கப்பட்டு அமெரிக்காவுக்கு வந்தன. குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிக் குழலின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். முட்டை வடிவக் கோட்டுக்குள் இ.எல்.ஜி. எழுத்துகளும் கீழே நட்சத்திரமும் இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத் துப்பாக்கிச் சோதனைச்சாலை முத்திரை, மேலே கிரீடமும் இருந்தால் 1893-க்குப் பிந்தியது. கிரீடம் இல்லையென்றால் அமெரிக்கச் சட்டப்படி அது பழம்பொருள்தான், ஏனென்றால் 1898 வரை செய்தவை எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

சுடுவதை மட்டும் மறந்துவிடுங்கள். இரும்பும் எஃகுமாகப் பட்டைகளை முறுக்கி, பற்றவைத்து அடித்த குழல் அது, இன்றைய மருந்தைவிட அழுத்தம் குறைந்த பழைய கருமருந்துக்கென்று செய்தது. அந்தப் பற்றுக்கோடுகளுக்குள் நூறு வருடமாகத் துரு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று வெளியிலிருந்து கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, போதாததற்கு அக்காலத் தோட்டா அறை பலவற்றில் இன்றைய தோட்டாவைவிடக் குட்டை. தோட்டா உள்ளே போய்விடும், ஆனால் சுடும்போது அதன் வாய் விரிய இடம் இருக்காது, அழுத்தம் ஏறிவிடும். குழல் வெடித்தால் முதலில் போவது அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் கை. குழலை மட்டும் கயிற்றில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். மணி மாதிரி கணீரென்று கேட்காமல் அதிர்ந்து கரகரத்தால் இரண்டு குழலையும் சேர்க்கும் பட்டை விட்டிருக்கிறது என்று அர்த்தம். கணீரென்று கேட்டாலும் தோட்டா போட வேண்டாம், எண்ணெய் தடவிச் சுவரில் மாட்டுங்கள்.