பழைய டியூப் டிவியை எடைக்குப் போடவா?

பாம்பனில் வீடு, பழைய 21 இன்ச் டிவியின் பின்னாலிருந்து ‘ஸ்ஸ்’ என்று சத்தம், புது எல்இடியில் பையனின் வீடியோ கேம் துப்பாக்கி சுடவே மாட்டேன் என்கிறது, பழசை எடைக்குப் போட்டுவிடவா என்று கேட்டிருந்தீர்கள். போடாதீர்கள்.

அந்தத் துப்பாக்கி எல்இடியில் எத்தனை செட்டிங் மாற்றினாலும் சுடாது. டியூபில் எலெக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழே கோடு கோடாகப் படத்தை வரையும், துப்பாக்கிக்குள் இருக்கும் சென்சார் அந்த வெளிச்சம் வரும் கணத்தைத்தான் பிடிக்கிறது. எல்இடி படத்தை வாங்கி, பெரிதாக்கி, காட்டுவதற்குள் கணக்குத் தவறிவிடும்.

சத்தம் நம் ஊர் உப்புக்காற்றின் வேலையாகத்தான் இருக்கும். டியூபின் முதுகில் தடித்த ஒயரோடு ஒரு ரப்பர் தொப்பி ஒட்டியிருக்கும், அங்கே 20,000 வோல்ட்டுக்கு மேல். உப்பும் தூசியும் ஈரமும் படிந்தால் கரண்ட் கசியும், இருட்டில் பின் ஓட்டை வழியாக ஊதா வெளிச்சம்கூடத் தெரியும். மண்டபத்தில் எங்கள் வீட்டு டிவியும் ஒரு ஐப்பசி மழையில் இப்படித்தான் சீறியது, மெக்கானிக் தொப்பியைக் கழற்றி ஸ்பிரிட்டால் துடைத்தார், நின்றுவிட்டது. நீங்களே திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் சார்ஜ் நிற்கும்.

சரி, செய்திக்கும் சினிமாவுக்கும் எல்இடிதான், கரண்டும் மிச்சம். ஆனால் அதன் போர்டையும் உப்பு விடாது, கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். துடைத்து வாங்கிய பிறகு பழசை வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் ஓடவிடுங்கள், உள்சூட்டில் ஈரம் காயும். பையனுக்கும் கொண்டாட்டம்.