பயிற்சி யாருக்கு வேண்டும்? சிறு ஆலை நடத்துவோரின் கேள்விகள்

மண்டபத்தில் நண்டுச் சதை பிரிக்கும் சிறு ஆலை எங்களுடையது. சதையில் ஓட்டுத் துணுக்கு கிடப்பதாக வாங்குபவர் குறை சொல்கிறார். 30 பெண்களுக்கும் பயிற்சி கொடுத்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். ஒரு வாரம் ஒவ்வொருவர் தட்டையும் தனியே வைத்துத் துணுக்குகளை எண்ணி எழுதுங்கள். யார் தட்டில், எந்த நேரத்தில் என்ற இரண்டும் வேண்டும். ஐந்தாறு பேர் தட்டில் மட்டும் நாள் முழுவதும் வந்தால், அவர்களுக்குக் கைப்பழக்கம் போதவில்லை, பயிற்சி அவர்களுக்குத்தான். எல்லார் தட்டிலும் மாலை மூன்று மணிக்குமேல் வந்தால், காலையில் சுத்தமாகச் செய்த கை அதற்குள் வேலையை மறந்திருக்காது. வெளிச்சத்தைப் பாருங்கள், கத்தியைப் பாருங்கள். கிலோ கணக்கில் கூலி என்றால் அதையும் யோசியுங்கள். வேகத்துக்குத்தான் பணம் கொடுக்கிறீர்கள்.

இப்படி ஒரு கூடத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பழகிய அக்கா ஒருவர், எடுத்த சதையை விரல் நுனியால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டே தட்டில் போட்டார். பக்கத்தில் இருந்த புதிய பெண் அப்படியே போட்டார். கேட்டதற்கு, “யாரும் சொல்லித் தரவில்லையே” என்றார். அந்த ஒரு தடவல்தான் அங்கே பயிற்சித் தேவை. அதற்கு மதுரையிலிருந்து ஆள் வரவேண்டாம். அந்த அக்காவே போதும். ஆனால் சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்கு அவருக்குக் கூலியைக் கட்டாயம் ஈடுசெய்யுங்கள்.

தொண்டியில் ஐஸ் கம்பெனி நடத்துகிறேன். ஒன்பது பேர். யாருக்கு என்ன தெரியும் என்று எப்படிக் கணக்கெடுப்பது?

ஒரு தாளில் மேலே வேலைகளையும் இடப்பக்கம் பெயர்களையும் எழுதுங்கள். தெரியாது என்றால் 0, துணை இருந்தால் செய்வார் 1, தனியே செய்வார் 2, கற்றுத்தருவார் 3. வாயால் கேட்டு நிரப்பாதீர்கள், செய்துகாட்டச் சொல்லுங்கள். எந்த வேலைக்குக் கீழே ஒரே ஒருவர்தான் 2 அல்லது 3 வாங்கியிருக்கிறாரோ, அங்கிருந்து தொடங்குங்கள். அவர் ஒருநாள் வராவிட்டால் வேலை நின்றுவிடும்.

ஐஸ் உறையவைக்கப் பயன்படும் நச்சு வாயுவான அமோனியாவின் கசிவு மட்டும் தனி. வால்வை மூடுவது கவசம் அணிந்து பழகியவரின் வேலை. ஆனால் காற்று வீசும் திசையைப் பார்த்து, வாயு போகும் பக்கம் ஓடாமல் வெளியேற, கேன் தூக்குபவர் உட்பட ஒன்பது பேருக்கும் தெரிந்தே ஆகவேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தேவிபட்டினத்தில் இறால், கணவாய் பதப்படுத்துகிறோம். பயிற்சிக்கு நேரமே கிடைப்பதில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, வரத்து குறையும். அதுதான் உங்கள் நேரம். தேவையை மட்டும் மார்ச்சுக்குள் குறித்துவிடுங்கள். சரக்கு குவியும் நாளில்தான் தடுமாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

வாலிநோக்கத்தில் உப்புப் பொட்டலம் போடுகிறோம். அயோடின் அளவு ஏறி இறங்குகிறது. ஆள் புதியவர், பயிற்சிதானே தீர்வு?

பழைய ஆளை ஒரு ஷிப்ட் அதே இடத்தில் நிறுத்துங்கள். அவர் நின்றும் அளவு ஏறி இறங்கினால், அயோடின் தெளிப்பான் முனையில் அடைப்பு இருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள்.