வயர் அறுந்துவிட்டதா? எலக்ட்ரீஷியனிடம் கேட்டவை

வீட்டு வயரிங் வேலையில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (திருப்பூர்): அலமாரி மாட்ட டிரில் போட்டபோது சுவருக்குள் ஓடும் வயர் அறுந்துவிட்டது. பொறி பறந்து எம்சிபி (ஷார்ட் ஆனால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) விழுந்துவிட்டது. திரும்பத் தூக்கிவிடலாமா?

பதில்: தூக்காதீர்கள். உள்ளே பேஸும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலும் (அது திரும்பும் வயர்) ஒட்டிக்கொண்டதால்தான் அது விழுந்தது. மெயினை அணையுங்கள், இன்வெர்ட்டரையும் அணையுங்கள். பியூஸ் கேரியர் (பியூஸ் கம்பி மாட்டும் பிடி) இருந்தால் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நான் வேலை கற்ற காலத்தில், ஃபேன் நின்றுவிட்டதே என்று வீட்டில் ஒருவர் மெயினைப் போட்டுவிட்டார். என் கையில் அப்போது உரித்த வயர் இருந்தது. அன்றிலிருந்து பியூஸ் கேரியர் என் பையில்தான்.

அடுத்து, அறுந்த இடத்தில் முறுக்கி டேப் சுற்றி சிமென்ட் பூசிவிடாதீர்கள். நாளாக ஆக அந்த இணைப்பு தளர்ந்து சூடாகும், சுவருக்குள் இருப்பதால் யார் கண்ணிலும் படாது. பாக்ஸிலிருந்து பாக்ஸுக்குப் புது வயர் இழுக்க வேண்டும். வயர் ஓடும் பைப் உடைந்திருந்தால் அந்த இடத்தைக் கொத்திச் சரிசெய்த பிறகே இழுக்க முடியும். இனி சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலேயும் கீழேயும் டிரில் போடாதீர்கள். பெரும்பாலும் பைப் அந்தக் கோட்டில்தான் இறங்கும்.

கேள்வி (சேலம்): வயரைக் கட்டிங் பிளேயரால் வெட்டினேன். படாரென்று சத்தம், பிளேயரின் வாயில் ஓட்டை விழுந்துவிட்டது. எனக்கு ஷாக் அடிக்கவில்லையே, ஏன்?

பதில்: இரண்டு வயரையும் சேர்த்து வெட்டியிருக்கிறீர்கள். கரண்ட் பிளேயரின் இரும்பு வழியாகவே போய்விட்டது, கைப்பிடி உறை உங்களைக் காப்பாற்றியது. பேஸை மட்டும் வெட்டியிருந்தால் பொறிகூட வராமல் போகலாம். அதுதான் அதிக ஆபத்து. வெட்டிய முனையில் 230 வோல்ட் இருக்கும், உங்களுக்குத் தெரியாது. அணைத்த பிறகும் ஒவ்வொரு வயராகத்தான் வெட்ட வேண்டும்.

கேள்வி (கடலூர்): எம்சிபி இருக்கிறதே, ஷாக் அடித்தால் அது விழாதா?

பதில்: விழாது. லைட் லைனில் இருக்கும் எம்சிபி 6 ஆம்பியர். மனிதனைக் கொல்ல 0.1 ஆம்பியரே போதும். உயிரைக் காப்பது 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்). அதுவும் ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் விழாமல் போகலாம்.

கேள்வி (தஞ்சாவூர்): ஃபேன் மாற்ற சுவிட்சை அணைத்தால் போதுமா?

பதில்: போதாது. சில வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் போட்டுவிடுகிறார்கள். அணைத்தாலும் மேலே பேஸ் இருக்கும்.

கேள்வி (மதுரை): நானும் எலக்ட்ரீஷியன்தான். நியூட்ரல் ஷாக் அடிக்காதுதானே அண்ணே?

பதில்: தம்பி, நியூட்ரல் முழுசாக இருக்கும்வரை நீங்கள் சொல்வது சரி. நடுவில் அறுந்தால்? பேஸ் பல்பு வழியாக வந்து அறுந்த முனையில் காத்திருக்கும். பல்பு எரியாது, ஆனால் டெஸ்டர் வைத்தால் இரண்டு வயரிலும் எரியும். கருப்பு வயர், நியூட்ரல்தானே என்று தொட்டவர்கள் அடிவாங்கியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (மதுரை, மீண்டும்): அதற்குத்தான் டெஸ்டர் இருக்கிறதே. சிலர் டெஸ்ட் லாம்ப் (இரண்டு வயர் கோத்த பல்பு) வைத்துப் பார்க்கிறார்களே? நியூட்ரல் அறுந்தால் லாம்பும் எரியாதே?

பதில்: நல்ல கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். பேஸ் இருந்தும் நியூட்ரல் இல்லையென்றால் லாம்ப் எரியாது. ஆனால் டெஸ்டரும் ஏமாற்றும். மர ஸ்டூலில் நின்றால் மங்கும், வெயிலில் கண்ணுக்கே தெரியாது. அதனால் இரண்டையும் வைத்துப் பாருங்கள். முதலில் கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த பாயிண்டில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள், பிறகு வேலை செய்யும் வயரில், மறுபடியும் முதல் பாயிண்டில். நடுவில் டெஸ்டரே கெட்டுப்போயிருந்தாலும் இதில் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் என்னுடன் வேலை செய்யும் பையன்கள் யாரும் வயரைத் தொடுவதில்லை.

கேள்வி (நாகர்கோவில்): மெயினை அணைத்தால் போதும்தானே?

பதில்: இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி (ஈரோடு): கரண்ட் போயிருக்கும் நேரத்தில் வேலை செய்யலாமா?

பதில்: எந்த நிமிடமும் திரும்பி வரும். மெயின், இன்வெர்ட்டர், பியூஸ் கேரியர். தயவுசெய்து மேலே உள்ளதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி (விழுப்புரம்): மழையில் தெருக் கம்பி அறுந்து வாசலில் கிடக்கிறது. கம்பால் தள்ளலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஈரத் தரையிலும் கரண்ட் பரவியிருக்கும். பத்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள், பிள்ளைகளையும் மாட்டையும் விடாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987க்கு உடனே போன் செய்யுங்கள்.

கேள்வி (வேலூர்): ஒருவரைக் கரண்ட் பிடித்துக்கொண்டால்?

பதில்: அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின். அது தூரமாக இருந்தால், வீட்டு லைன்தான் என்றால், காய்ந்த தரையில் நின்று காய்ந்த கட்டையால் வயரைத் தட்டிவிடுங்கள். 108க்குப் போன் செய்யுங்கள். மூச்சு இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வேகமாக, ஆழமாக அழுத்துங்கள். எழுந்து நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், இதயத் துடிப்பு பிறகும் தவறலாம்.

கேள்வி (திண்டுக்கல்): மீட்டர் பக்கத்தில் வயர் கருகியிருக்கிறது. நானே மாற்றலாமா?

பதில்: அது மின்வாரியத்தின் வேலை. மீட்டரில் மின்வாரியம் வைத்த சீல் இருக்கும், அதை நீங்களும் தொடக்கூடாது, நானும் தொடக்கூடாது. மின்னகத்திலேயே புகார் கொடுங்கள்.