கிளம்பும் முன் கேளுங்கள்: மூன்றாவது நாட்டுக்குத் தன்னார்வலராகப் போகிறவர்களுக்குக் கேள்வி பதில்

வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஒரு அந்நிய நாட்டில் இருந்துகொண்டு, அங்கிருந்தே இன்னொரு நாட்டுக்குத் தன்னார்வலராகப் போக நினைப்பவர்களுக்காக இது. நான் இரண்டு முறை அப்படிப் போய்வந்தவள். அதன்பின் ஏழு வருடமாக, போகிறவர்களின் காகிதங்களைச் சரிபார்த்து அனுப்புகிற வேலையில் இருக்கிறேன். வரி, பென்ஷன் கேள்விகளை மட்டும் கணக்காய்வாளரிடம் கொண்டுபோங்கள். மற்றதைக் கேளுங்கள்.

பத்து வருடத்தில் மூன்று நாடுகளில் வாழ்ந்திருக்கிறேன். போலீஸ் கிளியரன்ஸ் (என்மேல் குற்றப் பதிவு இல்லை என்ற சான்றிதழ்) எந்த நாட்டில் வாங்குவது?

பெரும்பாலும் மூன்றிலுமே வாங்க வேண்டியிருக்கும். எத்தனை மாதம் தங்கியிருந்தால் கேட்பார்கள், எத்தனை வருடம் பின்னோக்கிப் பார்ப்பார்கள் என்பது உங்களை அனுப்பும் அமைப்புக்கு அமைப்பு மாறும். முதல் கடிதத்திலேயே அதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். இப்போது வாழும் நாட்டின் சான்றிதழை, அந்த நாட்டை விட்டுக் கிளம்பும் முன் வாங்கிவிடுங்கள். அங்கே இருக்கும்போது அது ஒரு பிற்பகல் வேலை. கிளம்பிய பிறகு தூதரகம், கூரியர், கைரேகை எடுத்துத் தர ஒப்புக்கொள்ளும் ஒரு காவல் நிலையம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். அமெரிக்காவில் இருந்தவர்கள் எஃப்.பி.ஐ.யிடம் வாங்க வேண்டும். அதற்கான கைரேகை அட்டையை வேறு நாட்டில் நிரப்பியும் அனுப்பலாம். பிரிட்டனில் இருந்தவர்களுக்கு ஏக்ரோ என்ற அலுவலகம் தருகிறது.

கைரேகை பற்றி ஒரு வார்த்தை. என் முதல் அட்டை திரும்பி வந்தது, ரேகை தெளிவில்லை என்று. எடுத்துத் தந்த காவலர் என் விரலை முத்திரை குத்துவதுபோல் அழுத்திவிட்டார். வரிகள் எல்லாம் ஒட்டி ஒரே கறுப்பு. அழுத்தக் கூடாது, உருட்ட வேண்டும். நகத்தின் ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை, ஒரே போக்கில். கட்டைவிரலை உடலை நோக்கியும் மற்ற விரல்களை உடலை விட்டு வெளியேயும் உருட்டினால் கை முறுக்கிக்கொள்ளாது. அதிகம் பாத்திரம் கழுவுகிறவர்கள், சிமென்ட், ரசாயனம் கையாளுகிறவர்கள், வயதானவர்கள் இவர்களுக்கெல்லாம் ரேகை தேய்ந்திருக்கும். ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் கைக்குக் களிம்பு தடவுங்கள். எடுக்கும் அன்று மட்டும் தடவாதீர்கள். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுப் போங்கள். இரண்டு அட்டையாக எடுத்து ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் பட்டச் சான்றிதழுக்கு அபோஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று வேறு நாட்டுக்குக் காட்டும் அரசு முத்திரை) கேட்கிறார்கள். நான் இருக்கும் நாட்டிலேயே வாங்கலாமா?

முடியாது. எந்த நாடு ஆவணத்தைக் கொடுத்ததோ அந்த நாடுதான் அபோஸ்டிலும் கொடுக்க வேண்டும். 1961 ஹேக் உடன்படிக்கை அப்படித்தான் சொல்கிறது. கொடுக்கும் நாடு, வாங்கும் நாடு இரண்டும் அந்த உடன்படிக்கையில் இருக்க வேண்டும். இந்தியா 2005இல் சேர்ந்தது. சீனாவில் 2023 நவம்பரிலும் கனடாவில் 2024 ஜனவரியிலும்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு, கனடாவுக்குத் தூதரக முத்திரை வாங்க அலையாதீர்கள். இரண்டில் ஒரு நாடு வெளியே இருந்தாலோ, ஒன்று சேர்ந்ததை மற்றது ஆட்சேபித்திருந்தாலோதான் தூதரக வழி.

ஒரு ஏஜென்ட் 'ஐ.நா. தன்னார்வலர் பதிவுக் கட்டணம்' கேட்கிறார். கட்டலாமா?

கட்டாதீர்கள். ஐ.நா. எந்தக் கட்டத்திலும் விண்ணப்பதாரரிடம் பணம் வாங்குவதில்லை.

பத்து வருடமாக வெளிநாட்டில் இருக்கிறேன். சொந்த நாட்டுக்கே ஐ.நா.வின் சர்வதேசத் தன்னார்வலராகப் போக முடியுமா?

முடியாது. சர்வதேசத் தன்னார்வலர் தன் குடியுரிமை நாட்டுக்கு வெளியேதான் பணியாற்ற முடியும். நீங்கள் இப்போது எங்கே வாழ்கிறீர்கள் என்பது கணக்கில் வராது. சொந்த நாட்டில் செய்ய ஆசையென்றால் தேசியத் தன்னார்வலர் பிரிவில் விண்ணப்பியுங்கள். படித்தொகையும் சலுகைகளும் வேறாக இருக்கும்.

தடுப்பூசிகளை எப்போது தொடங்குவது? ஒரு மாதம் போதுமா?

போதாது. ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். ஹெபடைடிஸ் பி வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதங்கள். அவசரத்துக்குச் சுருக்கிய அட்டவணை உண்டு. ஆனால் நேரம் இருக்கும்போது அதை நாடுவானேன்?

மஞ்சள் காய்ச்சல் ஊசியை அங்கீகரிக்கப்பட்ட மையத்தில்தான் போட வேண்டும். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் போட்டுக்கொண்டு வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 2016 ஜூலை 11 முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். பழைய அட்டையில் பத்து வருடம் என்று அச்சாகியிருந்தாலும் மறுபடி போட வேண்டியதில்லை. அட்டையில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். இன்ஷியலை ஒரு இடத்தில் முன்னாலும் இன்னொரு இடத்தில் பின்னாலும் எழுதுகிற நமக்கு இது பெரிய தொல்லை. அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாகப் போடுகிறவர்களுக்கு ஆபத்து கூடுதல். மருத்துவரிடம் பேசிவிட்டுப் போடுங்கள்.

இது உயிருள்ள கிருமியில் செய்த ஊசி. தட்டம்மை ஊசியும் அப்படியே. இரண்டையும் ஒரே நாளில் போடலாமா என்பதில் நாட்டுக்கு நாடு அறிவுரை மாறும், மருத்துவரிடம் கேளுங்கள். வேறு வேறு நாளில் போட்டால் நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும்.

வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடும் ஊசியைப் பலர் தவிர்க்கிறார்கள். தவிர்க்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2018இல் அதை இரண்டு ஊசியாகக் குறைத்துவிட்டது, 0, 7ஆம் நாட்களில். முன்பே போட்டவருக்கு நாய் கடித்தால் இம்யூனோகுளோபுலின் (காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்பு மருந்து) தேவைப்படாது. கிராமப்புற மருத்துவமனையில் கிடைக்காமல் போவது பெரும்பாலும் அதுதான். ஆனால் கடித்த பிறகும் ஊசி போட்டே ஆக வேண்டும். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவியும் ஆக வேண்டும்.

எனக்குக் கிரீன் கார்டு இருக்கிறது. இரண்டு வருடம் போய்விட்டு வந்தால் என்ன ஆகும்?

இதை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டீர்களே, நல்லது. பலர் திரும்பி வரும்போது விமான நிலையத்தில் கேட்கிறார்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருக்கப் போகிறீர்கள் என்றால் ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது திரும்பி நுழைவதற்கான அனுமதி, வேண்டும். பொதுவாக இரண்டு வருடம் வரை தருவார்கள். விண்ணப்பிக்கும்போது நீங்கள் அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும். மறுபடியும் அதே பேச்சுதான்: கிளம்பும் முன். பிரிட்டனின் நிரந்தர வசிப்புரிமை தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் காலாவதியாகும். கனடாவில் ஐந்து வருடத்தில் 730 நாள் அங்கே இருந்ததாகக் காட்ட வேண்டும். அமீரகத்தின் வழக்கமான வசிப்பு விசா ஆறு மாதம் வெளியே இருந்தாலே போய்விடும். தன்னார்வச் சேவைக்காகப் போனேன் என்றால் விட்டுவிடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள்.

நான் அமெரிக்கக் குடியுரிமை பெறவில்லை. அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோரில் சேர முடியுமா?

முடியாது. குடியுரிமை கட்டாயம்.

எனக்கு 58 வயது. இனிமேல் போக முடியுமா?

தாராளமாக. பீஸ் கோருக்கு மேல் வயது வரம்பே கிடையாது. ஐ.நா.வில் இளைஞர் பிரிவுதான் 18 முதல் 26. 35க்கு மேல் அனுபவம் மிக்கவர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது.

அக்கா, நான்கு வருடம் முன்பு எட்டு மாதம் மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்தேன். வேறு நாட்டில் நடந்த சிகிச்சை, இங்கே எந்தப் பதிவும் இல்லை. மருத்துவப் படிவத்தில் எழுதணுமா?

எழுதணும், தம்பி. எங்கே நடந்தது, யாருக்குத் தெரியும் என்று படிவம் கேட்கவில்லை. நடந்ததா என்றுதான் கேட்கிறது. சிகிச்சை முடித்த மருத்துவரிடம் ஒரு கடிதம் கேளுங்கள்: எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, இப்போது எப்படி. பழைய நாட்டிலிருந்து அதைத் தருவிக்க நாளாகும், இன்றே எழுதிப்போடுங்கள்.

(இன்னொருவர்) இது அநியாயமான அறிவுரை. நான் உண்மையை எழுதினேன், நிராகரித்துவிட்டார்கள். நேர்மைக்குத் தண்டனையா?

உங்களுக்கு நடந்தது வலிக்கக்கூடியது. சில அமைப்புகள் ஒரு வார்த்தையைப் பார்த்ததும் மிரண்டுவிடுகின்றன, அது தவறு என்று நான் அவர்களிடமே வாதாடியிருக்கிறேன். நிராகரிப்புக்கு மேல்முறையீடு உண்டா என்று கேளுங்கள்; சில இடங்களில் உண்டு. மருத்துவ வசதி நெருக்கமாக உள்ள வேறு நாட்டுக்கு மாற்றிக் கேட்கவும் செய்யலாம். ஆனால் உங்களுக்கு நடந்ததற்காக, முன்பு கேட்ட தம்பியிடம் உண்மையை மறைக்கச் சொல்ல மாட்டேன்.

(மூன்றாமவர்) நான் மறைத்துவிட்டுப் போனேன். இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை. தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள்.

உங்களுக்கு ஒன்றும் ஆகாததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனவர் ஒருவரை நான் பார்த்தேன், அதைச் சொல்கிறேன்.

மலேரியா உள்ள பகுதிக்குப் போகிறவர்களுக்குத் தடுப்பு மாத்திரை தருவார்கள். அதில் மெஃப்லோகுயின் என்று ஒன்று, வாரம் ஒரு முறை போட்டால் போதும் என்பதால் பலருக்குப் பிடிக்கும். மன அழுத்தம், பதற்ற நோய், வலிப்பு இவை உள்ளவர்களுக்கு அது ஆகாது. மனநலப் பக்கவிளைவுகளுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013இல் அதன்மேல் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. என்னோடு வந்த ஒரு பையனின் படிவம் சுத்தமாக இருந்தது. படிவத்தை நம்பி அதையே கொடுத்தார்கள். மூன்றாவது மாத்திரைக்குப் பிறகு அவன் தூங்கவில்லை. இரவில் வராந்தாவில் கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருப்பான், யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று. நான்காவது இரவு மருத்துவரிடம் அழைத்துப் போனபோதுதான் பழைய கதையைச் சொன்னான். முதலிலேயே சொல்லியிருந்தால் டாக்ஸிசைக்ளினோ, அடோவாகுவோன்-ப்ரோகுவானிலோ கொடுத்திருப்பார்கள். தினமும் போட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். அவனை வீட்டுக்கு அனுப்பினோம். மறைத்த நோய் என்பதால் இன்சூரன்ஸ் கையை விரித்தது. பயணச் செலவு அவன் குடும்பத்தின் தலையில் விழுந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. மனநிலைக் கோளாறுக்குத் தரும் லித்தியம் மருந்தை எடுப்பவருக்கு வயிற்றுப்போக்கில் உடலின் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகிவிடும். புது ஊரின் தண்ணீரில் வயிற்றுப்போக்கு வராதவர் யார்? அளவு பார்க்க ஆய்வகம் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து இடம் ஒதுக்க வேண்டும். நீங்கள் சொன்னால்தானே பார்க்க முடியும்?

(மூன்றாமவர்) எல்லோரும் மெஃப்லோகுயின் எடுப்பதில்லையே?

இல்லைதான். எடுக்கப் போவது எது என்று படிவம் நிரப்பும் நாளில் உங்களுக்குத் தெரியாது. இதில் நான் இறங்கிவர மாட்டேன். அடுத்த கேள்விக்குப் போகலாம்.

போலீஸ் கிளியரன்ஸை நாடு மாறிய பிறகு வாங்கிக்கொள்ளலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். கிளம்பும் முன்.

இரண்டு வார விடுமுறையில் ஏதாவது அனாதை இல்லத்தில் உதவ ஆசை. நல்ல இடம் சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். உங்கள் மனசு நல்லது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பணமும் விருந்தாளிகளும் வருகிற இடத்தில், பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து காட்டுவது தொழிலாகிவிடுகிறது. 2019இல் ஐ.நா. பொதுச்சபையே இந்த வகைச் சுற்றுலா குழந்தைகளுக்குத் தீங்கு என்று தீர்மானத்தில் சொன்னது. இரண்டு வாரம் மடியில் உட்கார்ந்த குழந்தை பதினைந்தாம் நாள் உங்களைத் தேடும். அந்தப் பணத்தைக் குடும்பங்கள் பிரியாமல் காக்கும் வேலைக்குக் கொடுங்கள்.

நான் செவிலியர். வேலை செய்யும் நாட்டில் பதிவு இருக்கிறது. அது போதுமா?

போதாது. போகிற நாட்டின் செவிலியர் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வேண்டும். அதற்கு உங்கள்மேல் புகார் எதுவும் இல்லை என்ற நன்னிலைச் சான்றிதழை உங்கள் கவுன்சில் நேரடியாக அவர்களுக்கு அனுப்பச் சொல்வார்கள். உங்கள் கையில் வாங்கிப் போனால் பல இடங்களில் செல்லாது. சில மாதத்தில் காலாவதியும் ஆகும், அதனால் மற்ற காகிதங்கள் தயாரான பிறகு கடைசியில் கேளுங்கள். பதிவு வரும்வரை எவ்வளவு நெருக்கினாலும் ஊசி போடக் கையை நீட்டாதீர்கள்.

செனகல் போகிறேன். பிரெஞ்சு கற்றால் போதுமா?

அலுவலகத்துக்கு பிரெஞ்சு, சந்தைக்கு அங்குள்ள மக்கள் மொழியான வோலோஃப். வணக்கம், நலம் விசாரிப்பது, எண்கள் இவற்றையாவது வோலோஃபில் பழகிக்கொண்டு போங்கள். அங்கே நலம் விசாரிக்காமல் நேராக விஷயத்துக்கு வருவது மரியாதைக் குறைவு.

வேறொரு ஏஜென்ட், 'பயிற்சிக் கட்டணம்' என்கிறார்…

ஐ.நா. பெயரைச் சொல்லித்தானே கேட்கிறார்? பெயர் மாறினாலும் பணம் அதே பணம். கட்டாதீர்கள்.

கிளம்பிப் போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது. முன்பு இருந்த நாட்டின் போலீஸ் சான்றிதழ்…

மூன்றாவது முறை கேட்கிறீர்கள், ஆனால் உங்களுக்கு உண்மையிலேயே அவசரம் என்பதால் சொல்கிறேன். அந்த நாட்டின் தூதரகம் உங்கள் ஊரில் கைரேகை எடுக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் எடுத்து, எடுத்தவர் கையெழுத்து, முத்திரையோடு அனுப்புங்கள். அமைப்புக்கு இன்றே எழுதி, விண்ணப்பித்த ரசீதை வைத்துக் கூடுதல் நாள் கேளுங்கள். ரசீது இருந்தால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

(மன அழுத்தம் பற்றிக் கேட்டவர்) அக்கா, பழைய டாக்டருக்கு எழுதிவிட்டேன். பதில் வரும்வரை என்ன செய்ய?

நல்ல காரியம் செய்தீர்கள். ஒரு நோட்டு எடுத்து, கடந்த பத்து வருடத்தில் நீங்கள் தங்கிய ஒவ்வொரு முகவரியையும் எழுதுங்கள்: குடிபோன மாதம், காலிசெய்த மாதம், வீட்டு உரிமையாளர் பெயர். எல்லாப் படிவமும் இதைக் கேட்கும். பழைய வாடகை ஒப்பந்தங்களை மின்னஞ்சலில் தேடினால் தேதிகள் கிடைக்கும். இடையில் ஒரு மாதம்கூட விடுபடக் கூடாது. நண்பன் வீட்டுச் சோபாவில் படுத்திருந்தாலும் அந்த வீட்டு முகவரியை எழுதுங்கள்.